ஏழெழுத்து

கடைக் கண்ணாடியில் எழுத்து வரைவது என் தொழில்.
மார்கேட் கடற்கரைத் தெருவில்
மீன்கடை, பல் வைத்தியர், குதிரைப் பந்தயக் கடை,
சவ அடக்கம் செய்யும் ஃபோட் குடும்பத்தார்,
எல்லாப் பெயரும் என் தூரிகை வழியே வந்தவைதான்.
எழுத்துக்கு ஒன்பது பவுண்ட்.
தங்கத்தாள் ஒட்டினால் இருபது.

லண்டனில் வாடகை ஏற ஏற
ரயிலேறி இங்கே வந்தது அந்தச் சொல்.
முதலில் பாலாடைக்கட்டிக் கடையில் கேட்டார்கள்:
கியூரேட்டட்.
ஏழெழுத்து. அறுபத்து மூன்று பவுண்ட்.
நான் ஏன் வேண்டாம் என்கிறேன்?
அப்புறம் காலுறைக் கடை.
அப்புறம் உப்பு மட்டும் விற்கிற ஒரு கடை,
பதினோரு கிண்ணத்தில் பதினோரு உப்பு.
கதவைத் திறந்தால் எதிரே கடல்.
முடிதிருத்துகிறவர் கேட்டபோது மட்டும்
எதை, என்று வாய்விட்டுக் கேட்டேன்.
மௌனத்தை, என்றார்.
பேசாமல் வெட்டுவார்களாம்.

பழம்பொருள் விற்கும் இமொஜன்தான் அர்த்தம் சொன்னாள்:
கண்ணும் கருத்துமாகத் தேர்ந்தெடுத்தது.
சரக்கு என்று எழுதிவிடலாமே, செலவு மிச்சம், என்றேன்.
சரக்கு எல்லாக் கடையிலும் இருக்கிறது, என்றாள்.

புரியாமலில்லை.
கீரையை ஆய்கிற கை வேறு,
அள்ளிப் போடுகிற கை வேறு.
ஆனால் நடைபாதையில் சிப்ஸ் பொறுக்கும் கடற்காகமும்
மூன்றைத் தள்ளிவிட்டு
நாலாவதைத்தான் கொத்துகிறது.
அதைப் பொறுக்கி என்றுதான் விரட்டுகிறார்கள்.

பிப்ரவரியில் தம்பி டெரன்ஸ் போய்விட்டான்.
படகு எஞ்சின் பழுது பார்த்தவன்.
அவன் ஷெட்டை ஒழிக்க மூன்று நாள்.
வைத்துக்கொள்ள, கொடுத்துவிட, எறிந்துவிட
என்று மூன்று குவியல் போட்டேன்.
இரண்டாம் நாள் சாயங்காலம்
எல்லாம் ஒரே குவியல்.

அப்போது ரூத் ஆட்லிங் வந்து நின்றாள்,
சைக்கிள் கிளிப்பைக் கழற்றாமலே.
மேட்டுத் தேவாலயத்தில் இளநிலைக் குரு.
அந்த வேலைக்கும் கியூரேட் என்றுதான் பெயர்.
கடைகளுக்கு முன்பே இருந்த பெயர்.
நான் அந்தப் பக்கமே வந்ததில்லையே,
உங்கள் பட்டியலில் எப்படிச் சேர்ந்தேன், என்றேன்.
பட்டியல் எல்லாம் கிடையாது,
தெருவில் இருக்கிறவர்கள் அத்தனை பேரும்தான்.
பந்தயக் கடைக்காரர்?
அவரும்தான். டீ மட்டும் சகிக்காது.

சொல்லின் அடியில் தேர்வே இல்லையாம்.
லத்தீனில் தோண்டினால் கவலை,
இன்னும் தோண்டினால் பேணுதல்.
சொல்லிக்கொண்டே பிஸ்கட் டின்னில்
துருப்பிடித்த ஆணிகளை அள்ளினாள்,
நல்லது எது வளைந்தது எது என்று
ஒன்றைக்கூடப் பார்க்காமல்.

மே மாதம்
இமொஜனின் ஜன்னலில் டெரன்ஸின் எண்ணெய் கேன்.
மூக்கு நெளிந்தது.
பத்து வயதில் அவன் தலையில் அடித்து
நான் நெளித்த மூக்கு.
துடைக்கக்கூட இல்லை. எண்பத்தைந்து பவுண்ட்.
அதற்கு மேலே, வளைவாக,
என் கையால் அந்தச் சொல்.

உள்ளே போய்க் கேட்க நினைத்தேன்.
என்னவென்று கேட்பது?
நான் எறிந்தேன்.
அவள் எடுத்தாள்.

இந்தக் குளிர்காலத்தில் உப்புக்காற்று அதிகம்.
இமொஜனின் கண்ணாடியில் கடைசி எழுத்து உரிந்துவிட்டது.
ஆறுதான் மிச்சம்.
ரூத் சைக்கிளை நிறுத்திச் சிரித்தாள்:
என் உத்தியோகத்தை ஜன்னலில் வைத்துவிட்டார்கள்,
விலை என்னவாம்?

ஒரே ஓர் எழுத்துக்காக வருவீர்களா,
என்று இமொஜன் ஃபோன் செய்கிறாள்.
வராமல் என்ன, என்கிறேன்.
கண்ணாடியில் ஈரம் காயட்டும்,
அடுத்த வாரம் பார்க்கலாம்.
போன வாரமும்
இதையேதான் சொன்னேன்.