குதிரைகள் இல்லாத வட்டாரம்

என் வட்டாரத்தில் குதிரைகள் இல்லை.
கணக்கெடுப்பில் அந்தக் கட்டத்தில்
நான்தான் பூஜ்யம் எழுதினேன்.
பிறகு நூற்றிருபது குதிரைகளை
மாதத் தவணையில் வாங்கி
கால்நடை மருந்தகத்துப் பூவரச மரத்தடியில் நிறுத்தினேன்.

சின்ன வண்டிதான். பக்கவாட்டில் சிவப்புக் கோடு,
பின்னால் இரட்டைப் புகைக்குழாய்.
பின்சீட்டில் பெல்ட் போட்டுக்கொண்டு
உறைவிந்துக் குடுவை உட்கார்ந்து வரும்.
திறந்தால் வெண்புகை.
பிள்ளைகள் அதையும்
எஞ்சினின் வேலை என்றே நம்புகிறார்கள்.

"வயிறு தரையைத் தட்டுதே டாக்டரம்மா,
எத்தனாம் மாசம்?"
வைரக்கண்ணு கேட்டுவிட்டுத்
தானே சிரித்துக்கொண்டார்.

ஊருக்கு மூன்று வேகத்தடை.
கோயிலுக்கு ஒன்று, ரேஷன் கடைக்கு ஒன்று,
மூன்றாவது ஏதோ பங்காளிச் சண்டையில் போட்டது.
மூன்றையும் கோணலாக ஏறுவேன்,
வரப்பு நண்டு போல.
நீடாமங்கலம் கேட்டில்
சரக்கு ரயில் முன்னும் பின்னும் நகர்ந்து
பெட்டி கோக்கிற நாற்பது நிமிடம்
கடலைமிட்டாய்க்காரர் சைக்கிளுக்கும் எனக்கும்
ஒரே வேகம்.
லிட்டருக்கு ஒன்பது.
அரசாங்கம் தரும் பயணப்படியோ
ஸ்கூட்டரை நினைத்துப் போட்டது.

டர்போவை வீட்டில் விளக்கிப் பார்த்தேன்.
மேட்டூரில் மதகு தூக்கியதாகச் செய்தி வந்து
நம்ம கடைமடை வாய்க்காலில்
மண் நிறம் மாறும் வரைக்கும்
ஒரு காத்திருப்பு உண்டில்லையா,
அதை ஒரு நொடிக்குள் மடித்து வைத்திருக்கிறார்கள்.
அப்புறம் வரும்போது மொத்தமாக வரும்.
"கரை தாங்குமா?" என்றார் கணவர்.
அவர் பொதுப்பணித்துறை.

ஏன் இந்த வண்டி?
முத்துப்பேட்டை சாலையில் பாலம் தாண்டி
இரண்டு கிலோமீட்டர் வளைவே இல்லை.
காலை ஐந்தே முக்கால்.
மூன்றாவது கியரில் முள் நாலாயிரத்தைத் தொடும்போது
யாரோ என் இரு தோள்களையும் பிடித்து
உட்காரு என்கிறார்கள்.
பதினோரு விநாடி.
மற்ற நேரமெல்லாம் நான்தான்
எல்லோருக்கும் எழுந்து நிற்கிறேன்.

தை மாதம், ராத்திரி ஒன்றரை.
தில்லைவிளாகத்தில் கன்று போட்ட மாடு
கழுத்தை விலாவில் மடித்துப் படுத்துவிட்டது.
பால் காய்ச்சல். விடியும்வரை தாங்காது.
நேர்ரோட்டில்
ஆறாவது கியரை முதன்முதலாகப் போட்டேன்.
பனிக்குள்ளிருந்து
பாதிச் சாலைக்கு நெல்.
சுற்றிலும் கருங்கல். பக்கத்தில் தார்ப்பாய்.
தார்ப்பாய்க்கு வெளியே
இரண்டு உள்ளங்கால்கள்.

வண்டி நின்றது.
எப்படி என்று கேட்டால்
பாதம் நினைவிருக்கிறது, நான் நினைவில் இல்லை.
ரப்பர் கருகிய வாசனைக்குள்
எழுந்து உட்கார்ந்தவர் கண்ணைக் கசக்கி
"மாட்டு டாக்டரா?" என்றார்.
எதிர்ச்சாரியில் பழுதாகிக் கிடந்தது
அறுவடை இயந்திரம். வேறு வழியில்லை.
கற்களை ஒவ்வொன்றாக அவரே எடுத்தார்.
"மெல்ல ஏத்திப் போங்க.
நெல்லு பொறுத்துக்கும்."
குதிரைகள் மொத்தமும் மூச்சை அடக்கிக்கொண்டு
முதல் கியரில்,
அடிவயிறு சரசரக்க,
அவர் வருஷத்தின்மேல் ஏறி இறங்கின.

கால்சியம் பாதி பாட்டில் இறங்கியதும்
மாடு ஏப்பம் விட்டது.
எழுந்தது. சாணி போட்டது.
திரும்பும்போது நாற்பதைத் தாண்டவில்லை,
கை நடுங்கியதால்.

மார்ச்சில் தஞ்சாவூரில் சர்வீஸ்.
பானட்டைத் தூக்கிய பையன்
"எந்த டிராக்ல ஓட்டுறீங்க மேடம்?" என்றான்.
"தில்லைவிளாகம்."
வைக்கோலை உருவிக் காட்டினான்.
பிறகு கண்ணாடி அடியில், வைப்பர் முளையருகே,
விரலளவு உயரத்தில் இரண்டு பயிர்.
"பிடுங்கிடவா?"
குனிந்து பார்த்தேன்.
என்ன ரகம் என்று தெரியவில்லை.
நெல்லைப் பற்றி எனக்கு
எதுவுமே தெரியாது.