படியின் வகை

குதைபியாவில் லிஃப்ட் ஓடாத கட்டடம்.
மூன்றாம் மாடி, வெள்ளி பகல் பதினொன்று.
ஏசி சொட்டும் தண்ணீருக்கு
யாரோ கீழே வைத்த வாளி
நிரம்பி, இப்போது தரையில் சொட்டுகிறது.

திரையில் ஒரு கட்டம்:
கையெழுத்துப்படியின் வகையைத் தேர்ந்தெடுக்கவும்.
அம்புக்குறியைத் தொட்டால்
சம்பள நாளில் என் ஜன்னலுக்கு வெளியே நிற்பவர்கள் மாதிரி
ஒன்றன்பின் ஒன்றாக இறங்குகின்றன
ஆய்வுக் கட்டுரை
மீளாய்வு
களக்குறிப்பு
நூல் மதிப்புரை
ஆசிரியருக்குக் கடிதம்.

ஆய்வுக் கட்டுரைக்கு எட்டாயிரம் சொல்.
என்னிடம் இருப்பது
சல்மாபாத் முகாமில் பதினான்கு பேர்,
பதினோரு வெள்ளிக்கிழமை,
பாதிக்குமேல் குக்கர் விசில் விழுந்த ஒலிப்பதிவு.
கோட்பாடு எங்கே என்று கேட்பார்கள்.

"கடன் அடைஞ்ச அன்னிக்குத்தான் மேடம்
கடலே கண்ணுல பட்டுச்சு.
மூணு வருசமா தீவுலயா இருந்தேன்?"

இதை எதன் கீழ் வைப்பது?
காலம்சார் அந்நியமாதல் என்று தட்டினேன்.
கடல் வற்றிவிட்டது.
அழித்தேன்.
திரும்பி வரவில்லை.

மீளாய்வு என்றால்
இதற்குமுன் எழுதியவர்களையெல்லாம் படித்திருக்க வேண்டும்.
ஒரு கட்டுரையைத் திறக்கப் பதினாறு தினார்.
சவரிராயனின் மெஸ் கணக்கு
அதைவிட ஒரு தினார் குறைவு.
சுருக்கங்களை மட்டும் படித்தேன்,
ஊறுகாயை மோந்து சோறு தின்கிற மாதிரி.

களக்குறிப்புக்கு இரண்டாயிரம்தான்.
கட்டிலுக்கு எண் போட்ட வரலாற்றை வைத்துக்கொண்டேன்.
மேல்கட்டிலுக்கு நடந்த சண்டையை வெட்டினேன்.
கரண்ட் போன இரவில்
பதினான்கு பேரும் மொட்டைமாடிக்குப் போய்
ஒருவரும் பேசாமல் படுத்திருந்ததை
வெட்டி, ஒட்டி,
வெட்டி.

கடிதமா?
அதற்குத் தரவு வேண்டாம், கோபம் போதும்.
எண்ணூறு சொல்.
அவர்களிடம் சொன்னபோது
மீரான் கனி மட்டும் கேட்டார்:
"கடுதாசின்னா பதில் வருமா?"

பெயர்களை மாற்ற வேண்டும், அது விதி.
பங்கேற்பாளர் ஏழு என்றேன்.
"என் கட்டில் நம்பரும் ஏழுதான்.
இதுல என்னத்த மறைச்சீங்க?"
சரி, நீங்களே ஒரு பெயர் சொல்லுங்கள்.
சற்றும் யோசிக்கவில்லை:
"உக்கிரபாண்டின்னு போடுங்க.
எனக்கு வட்டிக்கு விட்டவன் பேரு.
அவன் பேராச்சும் கெடட்டும்."

எனவே என் மூன்றாம் அட்டவணையில்
உக்கிரபாண்டி
உக்கிரபாண்டியிடம் நாலு வட்டிக்கு வாங்கி
உக்கிரபாண்டிக்கே மாதாமாதம் அனுப்புகிறார்.
மதிப்பீட்டாளர் இதை
அச்சுப்பிழை என்பார்.

ஒப்புதல் படிவம், ஆயிற்று.
நிதியுதவி, இல்லை.
சிறப்புச் சொற்கள் ஐந்து, ஆயிற்று.
நலன் முரண் ஏதும் உண்டா?
இல்லை என்ற வட்டம் முன்கூட்டியே நிரம்பியிருக்கிறது.
தொட வேண்டியதுகூட இல்லை,
அடுத்த பக்கம் போகலாம்.

முறையியலில் ஏற்கெனவே எழுதியிருக்கிறேன்:
ஆய்வாளர் களத்துக்கு அணுக்கமானவர்.
அணுக்கம்தான்.
அதே கம்பெனியின் சம்பளப் பிரிவு,
இரண்டாவது மேசை.
மார்ச்சில் காய்ச்சலுக்குப் படுத்த மூன்று நாளைக்குப்
பங்கேற்பாளர் ஏழின் வரிசையில்
கழித்தல் குறி போட்ட விரல்
இப்போது எலியின் மேல் இருக்கிறது.

உண்டு என்பதைத் தொட்டேன்.
கீழே ஒரு சின்னப் பெட்டி திறந்தது:
சுருக்கமாக விளக்கவும், நூறு சொல்.
எழுதினேன்.
கழித்தல் குறி. தேதி. மேலாளர் கையொப்பம்.
மொட்டைமாடி இரவு.
அன்று நான் எங்கே இருந்தேன் என்பது.
கடல்கூட ஒரு வரியில் வந்துவிட்டது.
எட்டாயிரத்தில் எங்கேயும் நிற்காதது எல்லாம்
இங்கே முண்டியடித்து ஏறியது.

சிவப்பில் அறிவித்தது:
அறுநூற்றுப் பதினொரு சொல் மிகுதி.
அதற்கும் மேலே, இன்னொரு சிவப்பு:
வகை தேர்ந்தெடுக்கப்படவில்லை.

வரைவைச் சேமிக்கவா?
சேமி.
ஞாயிறு காலை ஏப்ரல் பட்டியல் திறக்க வேண்டும்.
ஏழாம் கட்டிலுக்கு மறுபடி இருமல் என்று
நேற்றே சொன்னார்கள்.