இழுபடும் நீளம்

நிலம் ஆடி ஓய்ந்து நாற்பது நிமிடம்.
கொரோனெல் துறைமுகத்தில் மின்சாரம் இல்லை,
மீன்மாவு நாற்றம் மட்டும் வழக்கம்போல.
நெற்றி விளக்கோடு சுற்றி வருகிறேன்
இரண்டாம் மாவுக்கோபுரத்தின் காலடியை.

இருபத்துநான்கு மரைத்தண்டுகள்,
ஒவ்வொன்றும் என் மணிக்கட்டுத் தடிமன்.
கான்கிரீட்டுக்குள் ஓர் ஆள் ஆழம்,
வெளியே முழங்கால் உயரம்,
அதற்கு மேல் இரும்பு நாற்காலி, வாஷர், நட்டு.
நாற்காலி என்பது வரைபடம் வைத்த பெயர்.
காவலாளி ரெமிஹியோவின் பூனையைத் தவிர
யாரும் அதில் உட்கார்ந்ததில்லை.

முதல் நட்டுக்கும் தகட்டுக்கும் நடுவே
அளவுத்தகட்டை நுழைக்கிறேன்.
நேற்று ஒரு தாள்கூட நுழையாத இடம்.
மூன்று மில்லிமீட்டர்.
அடுத்தது மூன்று.
அதற்கடுத்தது மூன்றரை.

போனில் எவரார்டோ:
"எல்லா நட்டும் கழண்டுவிட்டதா?"
மரை கழண்டிருப்பது
இந்நேரத்தில் இங்கே நிற்கும் எனக்கோ
அங்கிருந்து கத்தும் அவருக்கோ.
இவற்றுக்கு இல்லை.
போன கோடையில்
நட்டின் மேலும் தண்டின் மேலும் சேர்த்து
நான் இழுத்த மஞ்சள் கோடு
ஒரு மயிரிழை விலகவில்லை.
கழலவில்லை, நீண்டிருக்கின்றன.

கோபுரம் கடல் பக்கம் சாய்ந்தபோது
மலைப் பக்கத்துத் தண்டுகள் விட்டுக்கொடுத்தன.
மலைப் பக்கம் சாய்ந்தபோது
கடல் பக்கத்தவை.
எண்ணூறு டன் மாவை
இழுத்துப் பிடித்துக்கொண்டே விட்டுக்கொடுப்பது.
ரப்பரா என்ன, பழைய அளவுக்குத் திரும்ப?
போன நீளம் போனதுதான்.
காலையில் நட்டை இறுக்கிக்கொள்ளலாம்.

பதினெட்டாவது ஐந்தரை.
ஏன் இவ்வளவு என்று
விளக்கைத் திருப்பினேன்.

பத்தொன்பதாவதன் காலடியில்
மழைநீர் தேங்கும்.
துரு பிடிக்குமே என்று
ஈராண்டுக்கு முன் ஒரு வெள்ளிக்கிழமை
நாற்காலி நிறையச் சாந்து குழைத்து ஊற்றி
கொத்துக்கரண்டியால் வழித்து
ஒரு கோட்டு வெள்ளையும் அடித்தேன்.
நான்தான்.
பார்க்க லட்சணமாக இருந்தது.
எவரார்டோ போட்டோ எடுத்துத்
தலைமை அலுவலகத்துக்கு அனுப்பினார்.
மற்றவற்றுக்கும் ஊற்றச் சொன்னார்.
சாந்து தீர்ந்துபோயிருந்தது.

தொட்டேன்.
நட்டும் நான்கு விரல் தண்டும்
கையோடு வந்துவிட்டன.
முறிந்த முகம்
கற்கண்டு உடைத்ததுபோல் மினுமினுத்தது.

மற்ற இருபத்துமூன்றுக்கும்
நீள்வதற்கு முழங்கால் உயரம் இருந்தது.
இதற்கு நான் மிச்சம் விட்டது
ஒரு விரற்கடை.
அதே இரவு, அதே இழுப்பு.
இதன் பங்கையும் சேர்த்து
இழுபட்டிருக்கிறது பதினெட்டு.
இருபதை அளக்கவே வேண்டாம்.
அளந்தேன். ஐந்தே முக்கால்.

ரெமிஹியோ பிளாஸ்க்கோடு வந்தார்.
மனைவியும் பிள்ளைகளும் மேட்டில் ஏறிவிட்டார்களாம்,
பூனையைத்தான் காணவில்லையாம்.
"நிற்குமா?"
"காலைவரை நிற்கும்" என்றேன்.
"எந்தக் காலை?" என்றார்.
காப்பியில் சர்க்கரை இல்லை.

படிவத்தில் இரண்டே கட்டம்:
தண்டு எண். இடைவெளி.
யார், ஏன் என்று கேட்க
அச்சடித்தவனுக்குத் தோன்றவில்லை.
முழங்காலில் வைத்து எழுதுகிறேன்:
பத்தொன்பது.
இடைவெளி விடப்படவில்லை.
சாந்து ஊற்றியது யஸ்னா குரிகேயோ.

கடைசி எழுத்தில் பேனா இழுத்துக்கொண்டு போனது.
பின்னதிர்வு.
ரெமிஹியோ என் தோளைப் பிடித்துக்கொண்டார்,
நான் பதினெட்டை.
உள்ளங்கைக்குள் அது
தண்ணீர் ஓடும் குழாய்போல்
அதிர்ந்துகொண்டே இருந்தது.