பால் கணக்கு

"பால்காரன் பியாஜோ, கசெந்தீனோ மலை."
பேரேட்டில் அப்படித்தான் எழுதுவோம்,
அவன் மார்பில் சுரந்ததுபோல.
மாதக் கூலி அவன் பெயரில்.
பால் கொடுத்தவள் வெறும் "அவன் மனைவி".
அதற்குமேல் பத்தியில் இடம் இல்லை.
கோடு போட்டவன் நான்தான், எனக்குத் தெரியும்.

பிள்ளை வந்தது பிப்ரவரி இரவில்.
ஃப்ளோரன்ஸில் எங்கள் ஆசுபத்திரி வாசலில்
இதற்கென்றே ஒரு கல்தொட்டி உண்டு.
தலைக்குத் தண்ணீர் ஊற்றவில்லை என்று சொல்ல
கழுத்தில் ஒரு சிட்டிகை உப்புப் பொட்டலம்.
சிவப்பு நூலில் பாதி நாணயம்.
மறுபாதி யாரிடமோ.
பெண்.
பெண்கள்தான் அதிகம் வருவார்கள், பஞ்ச வருஷங்களில்
இன்னும் அதிகம்.

நான்காம் நாள் கோவேறு கழுதைக் கூடையில்
மலைக்கு அனுப்பினோம்,
துணி இரண்டு, குல்லாய் ஒன்று என்று எண்ணி.

சொந்தப் பிள்ளைக்குப் பால் மறக்கடித்த பிறகே
எங்கள் பிள்ளையை எடுக்க வேண்டும். விதி.
பியாஜோவின் பெண்ணுக்கு அப்போது ஐந்து மாதம்.
வேப்பெண்ணெய் அந்த ஊரில் இல்லை,
காம்பில் எதைத் தடவினாளோ.
செஸ்ட்நட் மாவுக் கஞ்சிக்கு
அந்த வயிறு எப்படிப் பழகியதோ.
ஊரார் பிள்ளையை ஊட்டி வளர்த்தால்
தன் பிள்ளை தானே வளருமாம்.

நவம்பரில் இறங்கி வந்தான்.
"செத்துப்போச்சு" என்றான்.
எது என்று நான் கேட்கவில்லை.
எங்கள் பிள்ளையைப் பற்றித்தானே எங்களிடம் சொல்வான்.
துணி இரண்டும் வந்தன. குல்லாய் வந்தது.
பாதி நாணயம் வரவில்லை.
தொலைந்தது என்றான்.
பாக்கிக் கூலியில் ஆறு காசு பிடித்தேன்.
மலைக்காரன் ஒருவன் பேரம் பேசாமல் படியிறங்கியதை
முப்பது வருஷத்தில்
அன்று ஒருநாள்தான் பார்த்தேன்.

"இறந்தது" என்று எழுதி மணல் தூவினேன்.

ஏழு வருஷம் கழித்து
வேறொரு கணக்கு முடிக்க அந்த மலைக்குப் போனேன்.
மரத்தடியில் முள்தோட்டை மிதித்துப் பிளந்து
கொட்டை பொறுக்கிக்கொண்டிருந்தாள் ஒரு சிறுமி.
குனியும்போதெல்லாம் கழுத்திலிருந்து
ஒரு சிவப்பு நூல் தொங்கும்,
நிமிரும்போது உள்ளே போகும்.
வாசலில் நின்ற பெண் என்னைப் பார்த்தாள்,
என் இடுப்பில் தொங்கிய மைக்கூட்டைப் பார்த்தாள்.
"தெஸ்ஸா!" உள்ளேயிருந்து பியாஜோ கூப்பிட்டான்.
அவள் அசையவில்லை.
நான் தண்ணீர் கேட்டேன். கொடுத்தாள்.
குடித்துவிட்டு வந்துவிட்டேன்.

அதுவரை நல்லவனாகத்தான் இருந்தேன்.

அடுத்த வசந்தத்தில் ஒருத்தி வந்தாள்.
சாயப்பட்டறைக் கைகள், நகக்கண் வரை நீலம்.
வேலை நிலைத்துவிட்டது, அறை கிடைத்துவிட்டது,
இப்போது வைத்துக்கொள்ள முடியும் என்றாள்.
பாதி நாணயத்தை மேசைமேல் வைத்தாள்.
தேய்த்துத் தேய்த்து அதில் முகமே இல்லை.

பக்கத்தைப் புரட்டினேன்.
ஒரு சொல்லை அடிக்க ஒரு கோடு போதும்.
அந்தக் கோடு
மலையேறிப் போய் இன்னொருத்தி வாசலில் நிற்கும்.
இதையும் யோசித்தேன்,
என் வேலையையும் யோசித்தேன்,
எது முதலில் என்று சொல்லமாட்டேன்.

எழுதியிருந்ததை வாசித்தேன்.

அவள் அழவில்லை.
"என்ன கிழமை?" என்றாள்.
"வெள்ளி" என்றேன்.

பேரேட்டில் கிழமை எழுதுவதில்லை.