ரேகை தெளிவில்லை

இரண்டு கவுடர்களும் ஒத்துப்போகாத வருஷம்,
வாய் திறக்காத ஆளாகப் பார்த்து
ஓபளம்மாவைப் பிரதான் ஆக்கினார்கள்.
ஆறு எருமை, இரண்டு சீமைப்பசு.
பெங்களூரின் தெற்கே, ஆனேக்கல் பக்கம் கோணசந்திரம்.
அந்தக் கட்டடத்துக்குள் அதுவரை
பெண் என்று போய்வந்தது
பெருக்குகிற நரசம்மா மட்டும்தான்.

நான் அங்கே குமாஸ்தா. ஓசூர்க்காரன்.
கன்னடத்தில் எழுதித் தமிழில் கூட்டுகிறவன்.
மேய்ச்சல் நிலத்துக்கு அங்கே கோமாளம் என்று பேர்.
என் காதில் கடைசிவரை
கோமாளியாகத்தான் விழுந்தது.

நாற்காலியில் புருஷன் உட்காருவான்.
அவள் ஜன்னலோரம் நிற்பாள்,
பால் சொசைட்டிக்கு நேரமாச்சே என்று
வெயிலைப் பார்த்தபடி.
புத்தகத்தை நீட்டுவேன்.
மைப்பெட்டி. கட்டைவிரல். அவ்வளவுதான்.
மூன்று கூட்டம் இப்படியே போனது.

நாலாவதில் கோமாளம் வந்தது.
நாற்பத்தோரு ஏக்கர்,
"மேய்ச்சலுக்கு உதவாத தரிசு,
கம்பெனிக்குக் கொடுக்கலாம்."
நானேதான் எழுதினேன்.
கையெழுத்து அன்றைக்கு அழகாக வந்திருந்தது.

வாசித்து முடித்ததும் கேட்டாள்:
"எத்தனை மாடு மேயுதுன்னு எழுதலையே?"
புருஷன் இருமினான்.
பெரிய கவுடர் விசிறியை நிறுத்தச் சொன்னார்,
காகிதம் பறக்கிறதாம்.
"இருநூத்திப் பன்னெண்டு" என்றாள்,
யாரும் கேட்காமலே.
பிறகு விரலை வைத்தாள்.

பதினைந்தாம் நாள் தாலுக்காவிலிருந்து திரும்பி வந்தது:
ரேகை தெளிவில்லை.
மறுபடி வைத்தாள். மறுபடி வந்தது.
காம்பு பிடித்துப் பிடித்துத் தேய்ந்துவிட்டது,
முப்பது வருஷம் சும்மாவா என்றான் புருஷன்,
கொஞ்சம் பெருமையாகவே.
இடது கையில் வை என்றார்கள்.
அது இன்னும் வழவழப்பு.
மண்ணெண்ணெய் போட்டுத் துடை என்றார் சின்னக் கவுடர்.
துடைத்தாள். தொட்டாள்.
கருப்பாய் ஒரு வட்டம்,
உள்ளே ஒன்றுமில்லை.

சாயங்காலம் பழைய பக்கங்களைப் புரட்டினேன்.
மூன்று தீர்மானத்திலும் அவள் ரேகை
உழுத நிலம் மாதிரி வரிவரியாக இருந்தது.
மைப்பெட்டியை மூக்கருகே கொண்டுபோனேன்.
வெண்ணெய் வாசம்.

மூடி வைத்துவிட்டேன்.
என் சம்பளத்துக்குள் வராத வேலை அது.

ஐந்தாவது கூட்டத்தில் மாட்டுத் தண்ணித்தொட்டி வந்தது.
மைப்பெட்டியை ஒதுக்கிவிட்டுப் பேனா கேட்டாள்.
பால் சீட்டு பார்த்துப் பார்த்துப் பழகிய எழுத்து.
கட்டத்துக்குள் அடங்காமல்
கடைசி எழுத்து என் பெயர்மேல் ஏறி நின்றது.
புருஷன் எழுந்து வெளியே போய்
பீடி பற்றவைத்தான்.
நாற்காலி காலியாக இருந்தது.
அவள் உட்காரவில்லை,
வெயில் ஏறிவிட்டது என்றாள்.

கோமாளம் இப்போது இல்லை.
ஆறு வருஷம் கழித்து மேலிடத்து உத்தரவில் போய்விட்டது,
யார் விரலும் கேட்காமல்.
ஆறு வருஷம் புல் முளைத்தது,
அது எந்த ரிஜிஸ்டரிலும் கிடையாது.

மாற்றலாகிப் போகும் முன்
அந்த நாலாவது தீர்மானத்தின் ஓரத்தில்
பென்சிலால், தமிழில்,
இருநூற்றுப் பன்னிரண்டு என்று எழுதினேன்.
ஆடிட்டில் யாரும்
என்னவென்று கேட்கவில்லை.