நாலாவது பொருள்

மர்மப் பெட்டிச் சமையல் போட்டி என்று
மீன் ஏலக் கூடத்தில் நோட்டீஸ் ஒட்டியபோதே சிரித்தோம்.
எங்கள் ஃபரோ மண்ணில் விளைவது மூன்று:
உருளைக்கிழங்கு, டர்னிப், காற்று.
இதில் எங்கிருந்து வரும் மர்மம்?
அறுபத்தொரு பேர் இருக்கும் ஊர் இது.
எந்த உருளை எவர் கொல்லையது என்று
தோலைத் தடவியே சொல்லிவிடுவான்
தபால்காரன் டைத்தூர்.

நவம்பர் கடைசி. மூன்று மணிக்கே இருட்டு.
படகுக் கொட்டகையில் நான்கு அடுப்புகள்.
நடுவராக வரவேண்டிய ஹோட்டல்காரர்
மூடுபனியில் அக்கரையிலேயே நின்றுவிட்டார்.
நான் மணி பார்ப்பவள்.
முட்டை அவிக்கிற கடிகாரம் ஒன்று
என் பையில் ஒற்றைக் காலில் ஓடிக்கொண்டிருந்தது.

பிரிதா தார்ப்பாயை விலக்கினாள்.
மீன்பெட்டிக்குள்
உருளை. எவரும் கைதட்டவில்லை.
டர்னிப். பின்வரிசையில் ஒரு கொட்டாவி.
காற்றில் காய்ந்த ஆட்டுத்தொடை, அதன் வாசனை
பெட்டி திறக்குமுன்பே வந்து உட்கார்ந்திருந்தது.
அடியில் ஒரு ஈரச் சாக்கு.

சாக்கை உதறினால்
விரல் நீளத்தில், முண்டும் முடிச்சுமாய்,
குளிரில் கன்னிய கன்னம்போல் சிவந்த
கிழங்குகள்.

ஒருவரும் மூச்சுவிடவில்லை.
தெரியாத ஒன்றைப் பார்த்து
எத்தனை காலமாயிற்று எங்களுக்கு!
டைத்தூர் தடவினான், முகர்ந்தான்,
முதல்முறையாக முகவரி இல்லாத கடிதம் கிடைத்தவனாய்
திருப்பித் திருப்பிப் பார்த்தான்.
"விஷமாயிருந்தால்?" என்றாள் மர்யூன்.
"ஆஸ்பத்திரியும் நடுவரோடு அக்கரையில்தானே."

விதைத்தது யார்?
எல்லோரும் அவரவர் காலணியைப் பார்த்தார்கள்.
ஹெர்கைரின் காதுகள் மட்டும்
கிழங்கின் நிறத்துக்கு மாறின.

"டிராலரில் சமையலுக்கு இருந்த சிலிக்காரன் கொடுத்தான்.
பேரும் சொன்னான். எஞ்சின் சத்தத்தில் விழவில்லை."

"எங்கே நட்டாய்?"

கேட்டது இரண்டாம் அடுப்பு.
அதாவது தோர்ஹாலூர்.
அதாவது பதினோரு வருஷமாய்
ஹெர்கைரோடு ஒரு சொல் பேசாத உடன்பிறப்பு.

இரண்டு கல்வேலிகளுக்கு நடுவில்
ஐந்தெட்டு அகலத்தில் ஒரு துண்டு நிலம்,
கோர்ட் தாளில் எழுபத்து நாலு பி.
பங்காளிகள் இருவரும் கால்வைக்காமல்
ஆடு மட்டும் வழக்கறியாமல் மேய்ந்த இடம்.

"அங்கேதான்," என்றான் ஹெர்கைர்.

என் பையில் கடிகாரம் அப்போதா அலற வேண்டும்?
அமுக்கினேன், அது நிற்கவில்லை.
கோட்டுக்குள் சுருட்டி, மேலே உட்கார்ந்தேன்.

தோர்ஹாலூர் வந்தான். ஒரு கிழங்கை எடுத்தான்.
கால்சட்டையில் துடைத்து
பச்சையாகவே கடித்தான்.
மென்றான்.
முகம் ஒருபக்கமாய்ச் சுருங்கியது.

"புளிக்கிறது," என்றான்.

பிறகு, விழுங்கிவிட்டு,
"பாதி என்னுடையது."

எண்ணினார்கள். எண்ணாமலா?
கடித்ததையும் சேர்த்துப் பத்தொன்பது.
ஒன்பது, ஒன்பது, மிச்சம் ஒன்று.
அந்த ஒன்றைப் பார்த்து இருவர் தாடையும் இறுகியபோது
பிரிதா கத்தியை எடுத்தாள்.
சீவிச் சீவி வெண்ணெயில் பொரித்தாள்.
எனக்குக் கிடைத்தது நகக்கண் அளவு.
எலுமிச்சை தெரிந்தது, மண் தெரிந்தது,
இன்னொன்றும் தெரிந்தது,
அதற்கு எங்கள் மொழியில் சொல் இல்லை;
சிலிக்காரன் சொல்லியிருப்பான்.

போட்டியில் யார் ஜெயித்தது என்று
யாருக்கும் நினைவில்லை.
பரிசுக்குப் பின்னிய கம்பளிக் காலுறை
இன்னும் என் மேஜையில் கிடக்கிறது,
இடது மட்டும். வலதைக் காணோம்.

மறுநாள் பனி விலகியதும் ஜன்னலில் பார்த்தேன்.
எழுபத்து நாலு பி-யில் இரண்டு பேர்.
ஒருவன் கையில் மண்வெட்டி.
மற்றவன் கையில்
அளவு நாடா.