கரையிறங்கும் சீட்டு

ஜெனோவா எப்படி இருக்கும் என்று கேட்கிறாள் ஜெபசெல்வி.
பதினேழாம் நம்பர் கிரேன், மஞ்சள் என்கிறேன்.
அதுக்குப் பின்னால?
மழை. ஒரு சுவர்.
சுவருக்கு மேலே மலைச்சரிவில் அடுக்கடுக்காய் வெளிச்சம்,
யாரோ விளக்குப் போட்டு
யாருக்கோ காத்திருக்கும் ஜன்னல்கள்.

ஒன்பது வருடம் என்ஜின் அறையில் ஆயிலர்.
அலெக்சாந்திரியா எனக்கு முப்பத்தாறு மணி நேரம்.
மார்செய் ஒரு பழுதான பம்பு.
கரையிறங்கச் சீட்டு இருந்தால் நேரம் இருக்காது,
நேரம் இருந்தால் சீட்டு வராது.

"அப்ப நீங்க ஒண்ணுமே பாக்கல."
பாக்கல.
"இங்கயாச்சும் பாத்திருக்கியளா?"

திசையன்விளைக்காரனிடம் கேட்கிற கேள்வியா என்று
கோபம் வந்தது. யோசித்தேன்.
பள்ளிக்கூடம், பஸ் ஸ்டாண்டு, பாஸ்போர்ட் ஆபீஸ்.

விடுப்பில் மிச்சம் பதினோரு நாள்.
வெளியூர்க்காரர்கள் மாதிரி தொப்பி வைத்துக்கொண்டு கிளம்பினோம்.

கொற்கையில் இறங்கினால் கடல் இல்லை.
வாழை. வாழைக்கு நடுவே வாய்க்கால்.
வாய்க்காலில் ஒற்றைக் காலில் ஒரு கொக்கு.
துறைமுகம் எங்க இருக்கு என்று கேட்டேன்.
கன்றுக்கு மண் அணைத்துக்கொண்டிருந்த பலவேசம்
நிமிராமலே சொன்னார்:
"நிக்கியள்லா, அதான்."
பிறகு மண்வெட்டியால் ஒரு கொத்து,
கறுத்த மண்ணிலிருந்து ஒரு சங்கு உடைசல்.
"கிணறு வெட்டுனா கூடை கூடையா வரும்.
வேணும்னா எடுத்துக்கிடுங்க."

குளத்தங்கரை வன்னி மரத்தடியில்
அதைக் கழுவிப் பார்த்தேன்.
என் காலுக்குக் கீழே எங்கோ
ஒரு யவனக் கப்பலின் நங்கூரம் இறங்கியிருக்கும்.
துடுப்பு வலித்துக் கை வெடித்த ஒருவன்
இறங்க உத்தரவில்லாமல் உள்ளேயே கிடந்திருப்பான்.
ஊருக்குப் போனதும் பெண்டாட்டி கேட்டிருப்பாள்,
கொற்கை எப்படி இருக்கும்?
கயிறு, மூட்டை, ஈரம்.
அதுக்குப் பின்னால?
வெளிச்சம்.

காயல்பட்டினத்தில் ஆட்டோக்காரர் உதுமான்
பள்ளிவாசல் பள்ளிவாசலாகக் காட்டிக்கொண்டே வந்தார்.
கல் தூண்கள், வெயிலிலும் குளிர்ந்த தரை.
இரண்டு வீட்டுச் சுவர்களுக்கு நடுவே ஒரு முடுக்கு,
ஆள் அகலம்.
"இது பொம்பளையள் போற பாதை" என்றார்.
ஜெபசெல்வி உள்ளே போனாள்.
நான் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன், வழக்கம்போல.

முக்கால் மணி கழித்துத் திரும்பினாள்.
கையில் தாளில் பொதிந்த தம்மடை, கடித்த பாதி எனக்கு.
சுவருக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கு?
வாயை மூடிக்கொண்டு சிரித்தாள்.
"பதினேழாம் நம்பர் வாளி. மஞ்சள்."

தேரியில் யாரும் இல்லை.
காய்ந்த ரத்தம் மாதிரி சிவந்த மணல்,
கொல்லாமரத்துக்கு அடியில் மட்டும் கொஞ்சம் நிழல்.
காற்று எங்கள் கால்தடங்களை
நாங்கள் நிற்கும்போதே மூட ஆரம்பித்தது.
கப்பலில் இப்படி ஒரு அமைதி வந்தால்
என்ஜின் நின்றுவிட்டது என்று அர்த்தம்,
பதறி ஓடுவேன்.
இங்கே எங்கே ஓடுவது என்று தெரியவில்லை.

மணப்பாட்டில் மணல்குன்று ஏறும்போது பொழுது சாய்ந்துவிட்டது.
உச்சியில் சிலுவைக் கோவில், வெள்ளை.
கீழே ஒரு பக்கம் கழி, கண்ணாடி மாதிரி;
மறுபக்கம் பாறையில் கடல் தன்னையே அடித்துக்கொள்கிறது.
ஜெபசெல்வியின் சேலை காற்றில் நிற்கவில்லை,
இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தாள்.

தொலைவில் ஒரு கப்பல்,
தூத்துக்குடிக்குப் போகிறதோ, கொழும்புக்கோ.
சரக்குக் கப்பல்தான், முகப்பைப் பார்த்தால் தெரியும்.
இந்த நேரம் ஆயிலர் மேலே வருவான்,
கந்தலில் கை துடைத்து, ஒரு சிகரெட்.

அவள் போனில் டார்ச்சைப் போட்டு
தலைக்கு மேலே தூக்கிப் பிடித்தாள்.
சேலையை விட்டுவிட்டாள்.
அவ்வளவு தூரம் தெரியாது என்றேன்.
"சரி" என்றாள்.
அணைக்கவில்லை.

கடைசி பஸ் ஏழே முக்காலுக்கு.
சங்குத் துண்டு உதுமானின் ஆட்டோவிலேயே கிடக்கிறது.